அவள் வாட்டை விட்டு ஓடவில்லை

புலோப்பளைப் பக்கம் காற்றாலைகள் எழுமுன்னர் அங்கே வீசும் காற்றை அளந்தார்கள். எந்த மாதம் எந்தத் திசையால் வருகிறது, எந்த உயரத்தில் எவ்வளவு வேகம் என்று கணக்கெடுக்காமல் அவ்வளவு பணத்தை யாரும் மண்ணில் ஊன்ற மாட்டார்கள். முகமாலையில் கண்ணிவெடி அகற்றியவர்களும் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, அடையாளக் கட்டை நட்டு, வரைபடத்தில் குறித்த பிறகுதான் மண்ணைத் தொட்டார்கள். அளந்து செய்வதன் அருமையைப் பளையில் இருப்பவர்களுக்கு யாரும் வந்து சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் மனிதருக்கு இரவு பத்து மணி தொடக்கம் விடியும்வரை என்ன பராமரிப்புக் கிடைக்கிறது, எது கிடைக்காமல் போகிறது, அதனால் அவர் சுகப்பட்டு வீடு போகிறாரா இல்லையா என்பதை அளக்கிற வேலைக்கு மட்டும் நாங்கள் மதிப்புக் கொடுப்பதில்லை. அந்த வேலைக்கென்று படிக்கப் போகிற தாதியைப் பார்த்து, "நேர்சுக்கு எதுக்குக் கலாநிதிப் பட்டம்?" என்று கேட்கிறோம்.

இதைக் கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. "மகள் அரசாங்க உத்தியோகம் எடுத்து வாட்டுக்குப் போவாள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன், இப்ப கம்பசில படிப்பிக்கப் போறன் எண்டு நிக்கிறாள்" என்று இத்தாவிலில் ஒரு தாய் மனம் வெதும்பினால், அந்த வெதும்பலுக்குப் பின்னால் எத்தனை வருட வறுமை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முப்பது வருடம் இரவுப்பணி செய்து கால் நரம்பு சுருண்ட ஒரு மூத்த மிஸி, "படிச்சதுகள் நோயாளியைத் தொடாதுகள்" என்று சொன்னால், அதிலும் அவர் கண்ட ஏதோ ஒரு உண்மை இருக்கும். ஆளே போதாத நாட்டில் ஆராய்ச்சி ஓர் ஆடம்பரம் என்று நிர்வாகத்தில் இருப்பவர் சொல்வதும் பட்டியலையும் வெற்றிடங்களையும் பார்த்துத்தான். இந்த மூன்று பேரையும் மதித்துக்கொண்டே சொல்கிறேன்: இந்தக் கருத்து பிழையானது. அதனால் கூடுதலாக அடிபடுவது கொழும்பு அல்ல, பளைதான்.

தாதிவேலைக்கு மனமும் கையும் போதும், புத்தகம் எதற்கு என்பதுதான் இந்தக் கருத்தின் அடிவேர். அதற்கான பதிலை வன்னியில் முள்ளந்தண்டு வடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனவர்களிடம் கேட்கலாம். ஷெல் துண்டு ஏறியவர்கள், போர் முடிந்த பிறகு தென்னையிலும் பனையிலும் இருந்து விழுந்தவர்கள், வீதி விபத்தில் முறிந்தவர்கள் என்று அப்படியானவர்கள் இங்கே எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். வறிய இடங்களில் இப்படிப்பட்டவர்களின் உயிரைப் பெரும்பாலும் எடுப்பது முதலில் பட்ட காயமல்ல. பிறகு வருகிற படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும். படுக்கைப்புண் வராமல் பார்ப்பது முழுக்க முழுக்கத் தாதியின் கையில் உள்ள வேலை. வைத்தியர் பார்க்கும்போது அது ஏற்கெனவே புண்ணாகியிருக்கும். தோல் சிவக்கத் தொடங்கும் அந்த முதல் மணித்தியாலத்தைக் காண்பவர், படுக்கையை மாற்ற வரும் தாதி.

அந்தப் புண்ணைத் தடுக்கத் தாதியர் உலகம் முழுவதும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக என்னென்னவோ செய்தார்கள். ஸ்பிரிட் பூசித் தேய்த்தார்கள். பவுடர் போட்டார்கள். முட்டை வெள்ளைக்கரு தடவினார்கள். ரப்பர் வளையத்தின் மேல் நோயாளியை இருத்தினார்கள். எல்லாமே அன்போடு, பொறுமையோடு, கை நோகச் செய்த வேலைகள். டொரீன் நோர்ட்டன் என்ற ஆங்கிலத் தாதி முதியோர் வாட்டுகளில் இதை முறையாக ஆராய்ந்து, தன் சக ஆய்வாளர்களோடு 1962இல் அறிக்கை வெளியிட்டார். பூச்சுகளால் பெரிய பயன் இல்லை, நோயாளியை அடிக்கடி புரட்டி அழுத்தத்தை எடுப்பதுதான் புண்ணைத் தடுக்கிறது என்று அந்த ஆய்வு காட்டியது. சிவந்த இடத்தை அழுத்தித் தேய்ப்பதும் வளையத்தில் இருத்துவதும் உள்ளே இருக்கும் தசைக்குக் கேடு என்று பின்னர் தெளிவானது. அதாவது அன்பான கைகள் பல ஆண்டுகளாகத் தெரியாமல் தீங்கும் செய்துகொண்டிருந்தன. அதை நிறுத்தியது இன்னும் கொஞ்சம் அன்பு அல்ல, ஒரு தாதி செய்த ஆராய்ச்சி.

நோர்ட்டன் விட்டுச்சென்ற அளவுகோலில் ஐந்தே விடயங்கள்: உடல் நிலை, மன நிலை, நடமாட்டம், உறுப்புகளை அசைக்கும் திறன், மலசலக் கட்டுப்பாடு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை புள்ளி. மொத்தம் 20. புள்ளி 14 அல்லது அதற்குக் கீழே போனால் ஆபத்து என்று கவனிக்க வேண்டும். இதற்கு இயந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், ஒரு துண்டுக் கடதாசி போதும். இயக்கச்சியில் ஒரு ஓலை வீட்டிலும் செய்யலாம். பணக்கார நாட்டு ஆடம்பரம் என்று சொல்லப்படும் தாதியியல் ஆராய்ச்சியின் விளைவு இப்படித்தான் இருக்கும்.

ஒவ்வொரு வருடமும் மே 12ஆம் திகதி விளக்கேற்றி புளோரன்ஸ் நைட்டிங்கேலைக் கொண்டாடுகிறோம். கிரிமியப் போரில் படையினரைக் கொன்றது காயத்தைவிட நோயே என்பதை எண்களாலும் வரைபடங்களாலும் காட்டியவர் அவர். 1858இல் லண்டன் புள்ளிவிபரச் சங்கம் முதல் பெண் உறுப்பினராக அவரைச் சேர்த்துக்கொண்டது. விளக்கை மட்டும் வைத்துக்கொண்டு கணக்குப் புத்தகத்தைக் கைவிட்டது நாங்கள்.

வைத்தியர்கள்தான் ஆராய்ச்சி செய்கிறார்களே, அது போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. வைத்தியர் நோயையும் மருந்தையும் ஆராய்வார். அது அவருடைய படிப்பு. ஒரு தாதிக்கு எத்தனை நோயாளிகள் என்ற கேள்வி அவருடைய கேள்வி அல்ல. அந்தக் கேள்வியை எடுத்தவர் லிண்டா எய்கன். தாதியாக வேலை செய்து, பிறகு சமூகவியலில் கலாநிதிப் பட்டம் பெற்று, அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். இங்கே எங்களிடம் இருந்திருந்தால், வாட்டை விட்டு ஓடினவள் என்று பெயர் எடுத்திருப்பார். அவருடைய குழு பென்சில்வேனியா மாநிலத்தின் 168 ஆஸ்பத்திரிகளில் சத்திரசிகிச்சை பெற்ற இரண்டு இலட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் விபரங்களை எடுத்துப் பார்த்து 2002இல் வெளியிட்டது. ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, முப்பது நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 வீதம் கூடுகிறது. அடுத்த ஆண்டு, பட்டதாரித் தாதியரின் பங்கு 10 வீதம் கூடிய இடங்களில் இறப்பின் வாய்ப்பு 5 வீதம் குறைவாக இருப்பதைக் காட்டினார்கள். 2014இல் ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில், 300 ஆஸ்பத்திரிகளில், நாலு இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடத்திலும் அதே போக்கைக் கண்டார்கள்.

நல்ல ஆஸ்பத்திரிகளில் தாதியரும் கூட இருப்பார்கள், வேறு வசதிகளும் கூட இருக்கும், தாதியர் எண்ணிக்கைதான் காரணம் என்று எப்படிச் சொல்வது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016இல் சில ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும் தாதி ஒருவருக்கு இத்தனை நோயாளிகள்தான் என்று விதி கொண்டுவந்தது. விதி வந்த 27 ஆஸ்பத்திரிகளையும் விதி வராத 28 ஆஸ்பத்திரிகளையும், முன்னும் பின்னும் என்று ஒப்பிட்ட ஆய்வு 2021இல் லான்செற் சஞ்சிகையில் வந்தது. விதி வந்த இடங்களில் இறப்பு குறைந்தது. ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்கள் குறைந்தன. திரும்பி வந்து சேர்வது கூடாமல் தடுக்கப்பட்டது. கூடுதல் தாதியருக்குச் செலவான பணத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் மிச்சம் பிடிக்கப்பட்டது. ஆள் போதாது, பணம் போதாது என்பவர்கள் முதலில் படிக்க வேண்டிய ஆய்வு இது. எங்கள் நாட்டில் தாதியர் பற்றாக்குறை பற்றிய பேச்சு எத்தனை வெற்றிடம், எவ்வளவு கொடுப்பனவு என்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. கேட்பது சரிதான், தாதியருக்கு அது கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் திறைசேரியின் மேசையில், இந்த வாட்டில் இன்னொரு தாதி இருந்திருந்தால் இத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று எங்கள் மண்ணின் எண்களை வைக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவரைத்தான் நாங்கள் வாட்டுக்குத் திருப்பி அனுப்பப் பார்க்கிறோம்.

ஏழை நாட்டுக்கு இது எதற்கு என்பவர்களுக்கு எங்கள் நாட்டின் வரலாறே மறுப்பு. 1926இல் களுத்துறையில் சுகாதார அலகு தொடங்கியபோது இலங்கை ஒன்றும் செல்வந்த நாடு அல்ல. அந்த வழியில் வந்த குடும்பநல உத்தியோகத்தர் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பதிந்தார். யார் வீட்டில் யாருக்கு எத்தனையாவது பிள்ளை, யாருக்கு இரத்தம் குறைவு என்று அவருடைய பதிவேட்டில் இருந்தது. ஒவ்வொரு தாய் மரணமும் அறிவிக்கப்பட்டு, ஏன் நடந்தது என்று விசாரிக்கப்படும் முறை பின்னர் வந்தது. 1940களில் ஒரு இலட்சம் பிறப்புக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்த நாட்டில், அண்மைப் பத்தாண்டுகளில் அது முப்பது நாற்பது என்ற அளவுக்கு வந்தது. வைத்தியர்களும் மருந்தும் இரத்த வங்கியும் இதில் பெரும் பங்கு வகித்தன. ஆனால் எண்ணிப் பார்க்காமல் எதையும் எங்கே கொண்டுபோவது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. கையில் குறைவாக இருப்பவன்தான் எதை எங்கே வைப்பது என்று கூடுதலாக யோசிக்க வேண்டும்.

இந்த இடத்தில் போர்க்காலத்தைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் இல்லை. 2008இன் கடைசியிலும் 2009இலும் வன்னியின் ஆஸ்பத்திரிகள் இடம்விட்டு இடம் பெயர்ந்தன. கிளிநொச்சி, தருமபுரம், புதுக்குடியிருப்பு, பிறகு பாடசாலைக் கட்டடங்கள், கூடாரங்கள், முள்ளிவாய்க்கால் மணல். பயிற்சி பெற்ற தாதியரும், பயிற்சி பெற வாய்ப்பே கிடைக்காத தொண்டர்களும் அங்கே செய்த வேலையைச் செய்யச் சொல்லி எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதியிருக்காது. மருந்து தீர்ந்தபோது எதை முதலில் மிச்சம் பிடித்தார்கள், கட்டுத்துணி இல்லாதபோது எதைக் கிழித்தார்கள், யாரை முதலில் தூக்குவது என்று யார் எப்படித் தீர்மானித்தார்கள், தாயைப் பறிகொடுத்த குழந்தைக்கு என்ன கொடுத்தார்கள்? அங்கே பணியாற்றிய வைத்தியர்கள் சிலரின் சாட்சியம் அறிக்கைகளிலும் நூல்களிலும் பதிவாகியிருக்கிறது. தாதியரின் சாட்சியம் அதோடு ஒப்பிட மிக மிகக் குறைவு. அவர்களிடம் சொல்ல எதுவும் இல்லாததால் அல்ல. கேட்டு, பதிந்து, ஆராய்ந்து, அடுத்த தலைமுறைத் தாதியருக்குப் பாடமாக்கும் பொறுப்பில் அவர்களுடைய தொழிலைச் சேர்ந்த ஒருவர் இருக்கவில்லை. பேரிடர்க் காலத் தாதிமைக்கு உலகம் முழுவதும் பாடநூல்கள் எழுதுகிறார்கள். அதற்கு வன்னியைவிடக் கூடுதலான அனுபவம் எங்கே இருக்கிறது? அந்த அறிவு இப்போது ஓய்வூதியத்தோடும் முதுமையோடும் ஒவ்வொருவராக எங்களை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. இதை ஆடம்பரம் என்று சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது.

மூத்த மிஸியின் குறைக்கு வருகிறேன். படித்தவர்கள் நோயாளியைத் தொடுவதில்லை என்பது ஓரளவு உண்மை. பதவி உயர்வுக்கான புள்ளிக்காக, யாருக்கும் உதவாத வினாக்கொத்தைக் கொடுத்து, ஆங்கிலத்தில் நாலு பக்கம் எழுதி முடிக்கிற ஆய்வுகளும் இருக்கின்றன. ஆனால் இதற்குக் காரணம் படிப்பா? ஒரு மருத்துவப் பேராசிரியரைப் பாருங்கள். போதனா வைத்தியசாலையில் அவருக்கென்று பேராசிரியர் அலகு உண்டு. காலையில் வாட்டுச் சுற்று, பிறகு விரிவுரை, பிறகு ஆய்வு. அவர் நோயாளியை விட்டு ஓடிவிட்டார் என்று எவரும் சொல்வதில்லை, ஏனென்றால் பதவியே அவரை வாட்டோடு கட்டி வைத்திருக்கிறது. தாதியியல் விரிவுரையாளருக்கு அப்படி ஒரு வாட்டுப் பொறுப்பை எங்கள் அமைப்பு கொடுக்கவில்லை. அவர் பல்கலைக்கழகத்தின் ஆள், வாட்டு சுகாதார அமைச்சின் கீழ், நடுவில் மதில். மதிலை எழுப்பிவிட்டு, அந்தப் பக்கம் நிற்கிறாள் என்று அவளைக் குறை சொல்வது நியாயமல்ல.

வேறு விதமாகச் செய்யலாம் என்பதற்குக் கடல் தாண்டிய தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் தாதியர் பயிற்சியைத் தொடங்கினார். 1946இல் அங்கே பட்டப்படிப்பு வந்தது, இந்தியாவில் முதலில் தொடங்கிய இரண்டில் ஒன்று. அங்கே தாதியியல் கல்லூரியில் கற்பிப்பவர்கள் வாட்டிலும் பொறுப்பு வகிக்கிறார்கள், கற்பித்தலும் சேவையும் ஒன்றோடொன்று பிணைந்தவை. கல்லூரியே பொறுப்பெடுத்து வேலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் சமூக சுகாதாரத் திட்டமும் நடத்துகிறது. இலங்கையில் தாதியியல் இளமாணிப் பட்டம் 1994இல்தான் திறந்த பல்கலைக்கழகத்தில், கனடாவின் அதபாஸ்காப் பல்கலைக்கழகத்தின் துணையோடு வந்தது. பிறகு ஸ்ரீ ஜயவர்தனபுர, பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகம் என்று பரவியது. வேலூருக்கும் எங்களுக்கும் இடையில் அரை நூற்றாண்டு இடைவெளி. தாதியரில் கலாநிதிகள் இல்லாததால், தொடக்க காலத்தில் இந்தத் துறைகளை மருத்துவ பீடத்தாரே தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஒரு தொழில் தன் பிள்ளைகளுக்குத் தானே கற்பிக்க ஆளில்லாமல் எத்தனை காலம் இருப்பது? பாடம் எடுக்கப் போகும் ஒருத்தி வருடம் நாற்பது பேரை உருவாக்கினாலும், இருபது வருடத்தில் எண்ணூறு பேர். அந்த எண்ணூறு பேரின் கைகளையும் வாட்டுக்கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

படித்தால் வெளிநாடு போய்விடுவார்கள் என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. 2022 நெருக்கடியில் அரச ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று அரசே சுற்றறிக்கை விட்டது. போனவர்களில் டிப்ளோமா முடித்து வாட்டில் நின்ற தாதியரும் இருந்தார்கள். ஆளை இங்கே நிறுத்துவது படிப்பைக் குறைப்பதல்ல. படித்தவருக்கு இங்கே ஏறிப்போக ஒரு படி இருப்பது.

ஆராய்ச்சியாளர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தம்பகாமத்துப் பெண்ணிடம் தமிழில் கேட்டு எடுத்த விபரம் ஆங்கிலச் சஞ்சிகைக்குப் போய் அங்கேயே தங்கிவிடக் கூடாது. மானிப்பாயில் சாமுவேல் கிறீன் 1860களிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, தமிழில் நூல்கள் ஆக்கினார். அமெரிக்காவிலிருந்து வந்தவர் செய்ததை எங்கள் பிள்ளைகள் செய்ய முடியாது என்பதை நான் நம்பவில்லை. ஆய்வின் முடிவு வாட்டுச் சிஸ்டரின் மேசைக்கும் கிளினிக் வாங்கிலில் இருக்கும் அம்மாவின் கைக்கும் தமிழில் வர வேண்டும். அப்போது மூத்த மிஸியே அதற்குச் சாட்சி சொல்வார்.

பளையில் ஒருவருக்கு நெஞ்சு அடைத்தால், ஒரு பக்கம் கிளிநொச்சி, மறு பக்கம் சாவகச்சேரி, அதற்கப்பால் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரி. எங்கே அனுப்பினால் எத்தனை பேர் நேரத்துக்குப் போய்ச் சேர்கிறார்கள்? அம்புலன்சில் கூடப் போகும் தாதி வழியில் என்ன செய்யலாம், எதைச் செய்ய அவருக்கு அதிகாரம் இல்லை? நீரிழிவுக்காரர் காலில் புண் வந்து விரலை இழக்குமுன் கிளினிக்கில் யாராவது அவருடைய பாதத்தைத் திருப்பிப் பார்த்தார்களா? கிளாலியில் தனியாக இருக்கும் கிழவருக்கு இன்சுலின் யார் போடுகிறார்? முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்ட வீட்டில் ஆள் இல்லாவிட்டால் வேறு வழி என்ன? இவை எல்லாம் தாதியியல் கேள்விகள். ஒவ்வொன்றும் ஒரு கலாநிதிப் பட்டத்துக்குப் போதுமான கேள்வி. இந்த ஊரில் வளர்ந்த ஒருத்திதான் இவற்றைக் கேட்கத் தெரிந்தவள்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாயம், பொறியியல், தொழில்நுட்பப் பீடங்கள் இயங்குகின்றன. 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனியாக எழுந்தபோது அதில் பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கல்வி, தொழில்நுட்பம் என்ற பீடங்கள் இருந்தன. வயலுக்கும் பாலத்துக்கும் கடைக்கும் வன்னியில் ஆராய்ச்சி இருக்கிறது, நோயாளிக்கு இல்லை. கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையோடு பிணைத்து, வாட்டுப் பொறுப்புள்ள விரிவுரையாளர் பதவிகளோடு, வன்னிக்கென்று ஒரு தாதியியல் துறையைத் திறக்க வேண்டும். அதன் களப் பயிற்சி நிலையங்களில் ஒன்று பளை அடங்கும் பச்சிலைப்பள்ளியில் இருக்க வேண்டும். பளை வைத்தியசாலையின் இரவுப் பணியை அந்தத் துறை தன் முதல் ஆய்வாக எடுத்துக்கொள்ளலாம். அதைச் செய்யப் போகிற பெண்ணின் பெயர் இத்தாவிலில் அந்தத் தாய் வீட்டுப் பிள்ளையின் பெயராக இருந்தால் இன்னும் நல்லது.